மெரினாவின் மேற்கு ஓரம்: சென்னைப் பெண்களின் வரலாற்றை நடந்தே பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மெரினாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கிழக்கே பார்க்கிறார்கள். மணல், கடல், சிலை வரிசை எல்லாம் அந்தப் பக்கம்தான். அந்தச் சிலைகளில் பெண்களை எண்ண ஒரு கை விரல்களே போதும். அதைப் பார்த்துவிட்டு இந்த நகரத்தின் வரலாற்றில் பெண்களுக்கு இடமில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். காமராஜர் சாலையின் மேற்கு ஓரத்தில், மதில்களுக்குப் பின்னால் நிற்கும் கட்டடங்களில் அவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி, கைம்பெண்கள் இல்லம், ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, மருத்துவமனை, சட்டமன்றம் கூடிய மண்டபம் என்று அத்தனையும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன, மருத்துவமனை மட்டும் சாலையிலிருந்து சற்று உள்ளே. தனியாகவோ, நண்பர்களோடோ, மாணவர்களை அழைத்துக்கொண்டோ இந்த நடையை நடத்த விரும்புகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி.

பாதை: தெற்கிலிருந்து வடக்கு

கலங்கரை விளக்கத்தில் தொடங்கி அண்ணா சதுக்கத்தில் முடியுங்கள். மருத்துவமனைக்காக உள்ளே திரும்பும் சுற்றையும் சேர்த்தால் நாலரை கிலோமீட்டர் அளவுக்கு வரும். நிறுத்தங்களில் நின்று பேசும் நேரத்தோடு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்தத் திசை? தெற்கிலிருந்து போனால் முதலில் கல்லூரி, பிறகு இல்லம், பிறகு ஆசிரியப் பயிற்சி, மருத்துவமனை, கடைசியில் சட்டமன்றம் என்று வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. படிக்கும் உரிமை கிடைத்து, வேலை கிடைத்து, ஆட்சியில் இடம் கிடைத்த கதை நடக்க நடக்க விரியும். வடக்கிலிருந்து தொடங்கினால் முடிவை முதலில் சொல்ல வேண்டிவரும்.

காலை 6 மணிக்குத் தொடங்குவது நல்லது. சூரியன் கடல் பக்கமிருந்து எழுவதால் மேற்கு ஓரக் கட்டடங்களின் முகப்பில் நேராக வெளிச்சம் விழும், படம் தெளிவாக வரும். எட்டரைக்கு மேல் அதே வெயில் முகத்தில் அடிக்கத் தொடங்கும். மாலை நான்குக்குத் தொடங்கினால் கட்டடங்களின் நிழல் நடைபாதையில் விழுவதால் நடப்பது சுகம். ஆனால் முகப்புகள் இருண்டு தெரியும், சாலை இரைச்சலும் கூடுதல். ஐஸ் ஹவுசின் (இன்றைய விவேகானந்தர் இல்லத்தின்) உள்ளே போய்ப் பார்க்க விரும்பினால் மாலை நடைதான் சரிப்படும். காலை ஆறு மணிக்கு அது திறந்திருக்காது, திங்கட்கிழமை விடுமுறை.

பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் கவனிக்க: நிலையத்தின் பெயர் 'கலங்கரை விளக்கம்' என்றாலும் இறங்கியதும் விளக்கம் எதிரில் நிற்காது. கடற்கரைக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். குழுவைச் சந்திக்கும் நேரத்தைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் தாமதமாக வருவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

போகக் கூடாத நாட்கள்

ஜனவரி மூன்றாம், நான்காம் வாரங்களில் குடியரசு நாள் அணிவகுப்பு ஒத்திகைக்காகக் காலை வேளையில் காமராஜர் சாலையை மூடுவார்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் நிற்கவே இடமிருக்காது. பிப்ரவரி 3, டிசம்பர் 5 ஆகிய நினைவு நாட்களில் வடக்கு முனை கட்சிக் கூட்டத்தால் நிரம்பிவிடும். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் போட்டி நடக்கும் நாளில் பெல்ஸ் சாலைப் பக்கம் குழுவாக நுழையவே முடியாது. இந்த நான்கையும் நாட்காட்டியில் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

முன்தயாரிப்பு

முந்தைய வாரம் தனியாக ஒருமுறை நடந்துவிடுங்கள். மெட்ரோ பணிக்கான தடுப்புகள் எங்கே இருக்கின்றன, நடைபாதை எங்கே முறிகிறது, எந்த வாசலருகில் பதினைந்து பேர் ஒதுங்கி நிற்கலாம் என்பதை நேரில்தான் தெரிந்துகொள்ள முடியும். சிலைகளின் பீடத்தில் பொறித்திருக்கும் பெயர்களையும் அப்போதே வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: இடம், பெண், அந்த இடத்தோடு அவருக்கு உள்ள தொடர்பு. மூன்றாவது கட்டத்தில் 'இங்கே படித்தார்', 'இங்கே வேலை செய்தார்', 'இதைத் தொடங்கினார்', 'இங்கே சிலை இருக்கிறது' என்பவற்றில் ஒன்றையாவது எழுத முடிய வேண்டும். முடியாவிட்டால், எவ்வளவு பெரிய ஆளுமையாக இருந்தாலும் அவரை இந்த நடையில் சேர்க்காதீர்கள். சென்னையில் வாழ்ந்த புகழ்பெற்ற பெண்கள் எல்லோரையும் இழுத்து வந்தால் நடை சொற்பொழிவாக மாறிவிடும். கேட்கிறவர்கள் கட்டடத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் கடற்காற்றிலும் பேருந்து இரைச்சலிலும் பின்வரிசைக்குக் குரல் போய்ச் சேராது. நீங்கள் மதிலை ஒட்டி நில்லுங்கள், குழு சாலைக்கு முதுகு காட்டி உங்களைப் பார்த்து நிற்கட்டும். இப்படி நின்றால் எல்லோர் பார்வையும் தானாகவே கட்டடத்தின் மேல் விழும். குழுவின் கடைசியில் ஒருவர் நின்று, யாரும் நடைபாதையை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறுத்தத்தில் நாலைந்து நிமிடங்களுக்கு மேல் பேசாதீர்கள். கல்லூரி வளாகங்களுக்குள் போக வேண்டுமென்றால் முதல்வருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். வாசலில் நின்று காவலரிடம் கெஞ்சுவது குழுவுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, நடந்து பழகிய செருப்பு. வேறெதுவும் தேவையில்லை.

நிறுத்தம் 1: கலங்கரை விளக்கம்

இங்கே பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். பாதையைச் சொல்லுங்கள், மேற்கு ஓரத்தைக் காட்டுங்கள். அருகிலுள்ள நொச்சிக்குப்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மீன் விற்றுக் குடும்பங்களை நடத்தியவர்கள். அவர்களில் ஒருவருக்கும் இந்தச் சாலையில் சிலை கிடையாது. அதை ஒரு வாக்கியமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நிறுத்தம் 2: ராணி மேரி கல்லூரி

வழியில் காவல்துறைத் தலைமையகம் வரும். அங்கே படம் எடுக்க வேண்டாம் என்று முன்பே எச்சரித்துவிடுங்கள்.

1914 ஜூலையில் 'சென்னை மகளிர் கல்லூரி' என்ற பெயரில் தொடங்கிய இக்கல்லூரி, 1917-இல் ராணி மேரி கல்லூரி ஆனது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. கேப்பர் ஹவுஸ் என்ற பழைய கடற்கரை மாளிகையில்தான் வகுப்புகள் நடந்தன. அந்த மாளிகை இன்று இல்லை, அதன் இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. இல்லாத கட்டடத்தை இருப்பதுபோல் கைகாட்டும் தவறு இங்கே அடிக்கடி நடக்கும்.

'தமிழகத்தின் முதல் மகளிர் கல்லூரி' என்றும் சொல்லிவிடாதீர்கள். சென்னை நகரத்துக்கு இது முதல். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி இதற்கும் முன்பே, 1895-லேயே தொடங்கிவிட்டது. குழுவில் ஒரு திருநெல்வேலிக்காரர் இருந்தால் உடனே திருத்துவார், அது நியாயமும்கூட.

இங்கே இருவரைச் சொல்லுங்கள். ஒருவர் தலச்சேரியில் 1897-இல் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள். மற்றவர் 1914-இல் பிறந்த லட்சுமி சுவாமிநாதன், பின்னாளில் கேப்டன் லட்சுமி. இருவரும் இந்த வாசலுக்குள் படித்தவர்கள். இருவர் கதையையும் இங்கேயே முடித்துவிடாதீர்கள். ஜானகி அம்மாளை மாநிலக் கல்லூரியிலும், லட்சுமியை மருத்துவமனையிலும் மறுபடி சந்திப்போம் என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். ஒரே ஆளை இரண்டு இடங்களில் சந்திக்கும்போதுதான் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் கேட்பவர்களுக்கு மனதில் பதியும்.

2003-ஐயும் விட்டுவிடக் கூடாது. இந்தக் கல்லூரியை அகற்றிவிட்டுப் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவெடுத்தபோது மாணவிகள் வளாகத்தை விட்டு நகராமல் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றைக்கும் இங்கே இருப்பது அவர்களால்தான். பெயர் தெரிந்த பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரத்தை இந்த மாணவிகளுக்கும் கொடுங்கள்.

போகும் வழியில்: ஔவையார் சிலை

1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவிய சிலைகளில் ஔவையாரும் கண்ணகியும் உண்டு. காமராஜர் சாலை அகலமானது, வண்டிகள் வேகமாக வரும். சிலையைத் தொட்டுப் பார்ப்பதற்காகக் குழுவைக் குறுக்கே நடத்திப் போகாதீர்கள். மேற்குப் பக்கத்திலிருந்தே காட்டுங்கள், கடந்தே ஆக வேண்டுமென்றால் சிக்னலில் மட்டும்.

ஔவை ஒருவர் அல்லர். அதியமானைப் பாடிய சங்ககால ஔவைக்கு 59 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. ஆத்திசூடி தந்த ஔவை பல நூற்றாண்டுகள் பிந்தியவர். கள்ளைப் பகிர்ந்து குடித்த அரசனுக்காக அழுது பாடிய புலவரையும், கோலூன்றிக் குழந்தைகளுக்கு நீதி சொன்ன மூதாட்டியையும் ஒன்றாக்கினால் இருவரையுமே இழந்துவிடுவோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்லவும் இதுதான் இடம். தேவதாசி முறையிலிருந்து வெளியேற விரும்பிய சிறுமிகள் அடைக்கலம் தேடி வந்தபோது விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. 1930-களின் தொடக்கத்தில் அவர் தன் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அப்படித் தொடங்கிய இல்லத்துக்கு வைத்த பெயர் அவ்வை இல்லம். அவர் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 'இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்' என்று எங்கும் எழுதிவைத்திருப்பார்கள். அது தவறு, வங்கத்தில் காதம்பினி கங்குலி போன்றவர்கள் அவருக்கு முன்பே மருத்துவர் ஆகிவிட்டார்கள். முத்துலட்சுமியின் உண்மையான முதலிடம் வேறு. சென்னை சட்ட மேலவையில் உறுப்பினரான முதல் பெண் அவர், 1927-இல் அதன் துணைத்தலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் கொண்டுவந்த முயற்சி 1947-இல்தான் சட்டமாக முழுமை பெற்றது.

நிறுத்தம் 3: ஐஸ் ஹவுஸ்

நடையின் இதயம் இந்த நிறுத்தம். நாலைந்து நிமிடம் என்ற கணக்கை இங்கே தளர்த்திப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யாரும் பேசாமல் வளைந்த முகப்பை ஒரு நிமிடம் பார்க்கட்டும். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு இது. பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே தங்கினார், இன்றைய பெயர் விவேகானந்தர் இல்லம். பெரும்பாலான வழிகாட்டிகள் இவ்வளவோடு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்தக் கட்டடம் இளம் கைம்பெண்கள் தங்கிப் படித்த இல்லமாகவும் இருந்தது. அதை நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886-இல் பிறந்தவர், பதினோரு வயதில் திருமணம், சிறிது காலத்திலேயே கைம்பெண். தலையை மழித்து மூலையில் உட்காரவைப்பது வழக்கமாக இருந்த காலத்தில் அவர் தந்தை மகளைப் படிக்கவைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார் சுப்புலட்சுமி. வேலைக்குப் போய்த் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவரோ தன்னைப்போன்ற சிறுமிகளை வீட்டில் சேர்த்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். உடன் நின்றவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் கைம்பெண். எண்ணிக்கை பெருகி, இடம் போதாமல், கடைசியில் அரசு இந்தக் கட்டடத்தைக் கொடுத்தது. ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கடலோரத்தில் கிடந்த பழைய பனிக்கிடங்கு, மங்கல நிகழ்ச்சிகளில் முன்னே வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பெண்களின் பள்ளிக்கூட விடுதி ஆனது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்காக நடந்தது. அன்றைய சாதி எல்லைக்குள் நின்றே அவர் வேலை செய்தார். பாராட்டைக் குறைக்காமல் இதையும் சொன்னால் கேட்பவர்கள் உங்களை நம்புவார்கள். மறைத்தால் குழுவில் யாராவது கேட்பார்கள், அப்போது சமாளிக்க வேண்டிவரும். 'முதல் பெண் பட்டதாரி' என்றும் அவரைச் சொல்லாதீர்கள். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் என்பதே அவரைப்பற்றிச் சொல்லத்தக்கது.

அருகிலுள்ள லேடி வெலிங்டன் வளாகம் இதன் தொடர்ச்சி. 1922-இல் தொடங்கிய ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வர் சுப்புலட்சுமியே. இல்லத்தில் படித்த பெண் பக்கத்து வாசலில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தன் சம்பளத்தில் நிற்க முடிந்தது. இரண்டு வாசல்களுக்கும் நடுவே எத்தனை அடி என்று குழுவை எண்ணி நடக்கச் சொல்லுங்கள். வேறு விளக்கம் வேண்டாம்.

நிறுத்தம் 4: கண்ணகி சிலை

பாரதி சாலை முனையில் ஒற்றைச் சிலம்பை உயர்த்தி நிற்கிறாள். காப்பியத் தலைவி, நீதி கேட்டது மதுரையில், சென்னையில் அல்ல. வரலாற்றுப் பெண்களையும் காப்பியப் பெண்ணையும் ஒரே மூச்சில் சொல்லாமல் பிரித்துக் காட்டுங்கள். சிலைக்கென்று ஒரு வரலாறு உண்டு: 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது, பெரிய சர்ச்சைக்குப் பிறகு 2006 ஜூனில் திரும்பி வந்தது. மூன்று நிமிடம் போதும்.

நிறுத்தம் 5: மாநிலக் கல்லூரி

சுப்புலட்சுமி பட்டம் பெற்றது இங்கேதான் என்று நினைவூட்டிவிட்டு ஜானகி அம்மாளுக்கு வாருங்கள். 1921-இல் இங்கே தாவரவியலில் ஹானர்ஸ் முடித்தார், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார், கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் மரபணுக்களை ஆராய்ந்தார். பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் திரட்டி 1945-இல் ஆங்கிலேய மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூல் தாவரவியலாளர்களின் கைநூலானது. ஒரு மக்னோலியா மரவகை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்தவர் அன்னா மாணி. பீருமேட்டில் 1918-இல் பிறந்து, 1939-இல் இங்கே இயற்பியல் முடித்து, இயற்பியலாளர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்தவர். பிறகு இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த அளவைக் கருவிகளை இங்கேயே செய்யவைத்தார். சென்னையில் மழைக்காலம் வந்தால் எல்லோரும் வானிலை அறிக்கையைப் பார்க்கிறோம். அந்தத் துறைக்குக் கருவிகளைக் கட்டிக்கொடுத்தவர் படித்த கல்லூரி இதுதான் என்றால் குழு நிமிர்ந்து பார்க்கும்.

நிறுத்தம் 6: கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை

பாரதி சாலை வழியாக உள்ளே சென்று பெல்ஸ் சாலையில் திரும்புங்கள். இது பிரசவ மருத்துவமனை. வாசலை அடைத்து நிற்கக் கூடாது, உள்ளே போகக் கூடாது, காத்திருக்கும் குடும்பங்களைப் படம் எடுக்கக் கூடாது. எதிர்ப்பக்க நடைபாதையில், சற்றுத் தள்ளி நின்று தாழ்ந்த குரலில் பேசுங்கள்.

பழைய ஆட்கள் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். கோஷா என்றால் திரை. ஆண் மருத்துவர் முன்னால் வராத பெண்கள் வைத்தியமே இல்லாமல் இறந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞரான கணவரோடு சென்னைக்கு வந்தவர், 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்ட முதல் நான்கு பெண்களில் ஒருவர். லண்டனில் மேற்படிப்பை முடித்துத் திரும்பி வந்து 1885-இல் இந்த மருத்துவமனையைத் தொடங்கினார்.

ராணி மேரி கல்லூரி வாசலில் விட்டுவந்த லட்சுமியை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். 1938-இல் மருத்துவப் பட்டம் பெற்று இந்த மருத்துவமனையில் பணியாற்றினார். 1940-இல் சிங்கப்பூர் போனார். 1943-இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார்.

நிறுத்தம் 7: செனட் ஹவுஸ்

வாலாஜா சாலை வழியாகக் கடற்கரைக்குத் திரும்புங்கள். கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்து 1879-இல் முடித்த பல்கலைக்கழக மண்டபம் இது. 1937-இல் புதிய சட்டமன்றம் இங்கேதான் கூடியது. அந்த ஆண்டு அதன் துணை சபாநாயகர் ஆனவர் ருக்மணி லட்சுமிபதி. வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் 1930-இல் சிறை சென்றவர், 1946-இல் சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர், சுகாதாரத் துறை. எழும்பூரில் அவர் பெயரில் உள்ள சாலையை இன்றும் பலர் மார்ஷல்ஸ் சாலை என்றே சொல்கிறார்கள். குழுவிடம் கேட்டுப் பாருங்கள், அந்தச் சாலையில் நூறு முறை போனவர்கள்கூட அவர் யார் என்று தெரியாமல் நிற்பார்கள்.

நிறுத்தம் 8: ஜெயலலிதா நினைவிடம்

சிக்னலில் கடந்து கிழக்குப் பக்கம் வாருங்கள். முழு நடையிலும் கட்டாயமாகக் காமராஜர் சாலையைக் கடப்பது இங்கே மட்டும்தான். 2016 டிசம்பரில் மறைந்த ஜெயலலிதாவின் நினைவிடம், எம்.ஜி.ஆர். நினைவிட வளாகத்தில் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. அரசியல் விவாதம் இங்கே எளிதில் கிளம்பும். யாருக்கும் தீர்ப்பு வழங்காமல் ஆண்டுகளை மட்டும் சொல்லுங்கள்: 1991-இல் முதல் முறையாக முதலமைச்சர். தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் அவர் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். 1988 ஜனவரியில் 24 நாட்கள் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஜானகி ராமச்சந்திரன். முதல் பெண் முதலமைச்சர் அவரே.

வீடு திரும்ப அண்ணா சதுக்கத்தில் பேருந்து கிடைக்கும், ரயிலுக்குச் சேப்பாக்கம் நிலையம் பக்கம். கிளம்புவதற்கு முன் அந்த மூன்று கட்டத் தாளின் ஒரு பிரதியை எல்லோருக்கும் கொடுத்து, கீழே இரண்டு வரிசைகளைக் காலியாக விடுங்கள். தங்கள் ஊரில், தாங்கள் படித்த பள்ளியில், ஒரு கட்டடத்தையும் ஒரு பெண்ணையும் அவர்களே தேடி நிரப்பட்டும்.